கடைசி மூன்று வளைவுகள்

அனார்குலின் காதைப் பற்றி அந்த அடிவாரத்தில் தெரியாதவர் இல்லை. நிலக்கரி ஏற்றிய லாரி கணவாயிலிருந்து இறங்கும்போது, அது கண்ணில் படுவதற்கு முன்பே யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவாள். "சத்தார் வர்றான், டீயைக் கொதிக்க விடு" என்பாள். கொஞ்ச நேரத்தில் சத்தாரின் பச்சை லாரி திருப்பத்தில் தலைகாட்டும். பக்கத்துக் கடைக்காரி துர்சுனாய் இதை நம்பாமல் பந்தயம் கட்டி, எத்தனையோ கோப்பை குமிஸை இழந்திருக்கிறாள். குதிரைப் பாலைப் புளிக்க வைப்பதில் துர்சுனாயை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பந்தயம் கட்டத் தெரியாது.

சாலையோரத்தில் நான்கு தகரக் கடைகள். சக்கரம் கழற்றிய பழைய வண்டிகளைத்தான் கடையாக்கியிருந்தார்கள். நான்கையும் பெண்கள்தான் நடத்தினார்கள். டீ, ரொட்டி, உப்புத் தயிர் உருண்டை, குமிஸ். இவற்றோடு பலகையின் கடைசியில் வரிசையாக ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் நிற்கும். அவற்றில் இருந்தது டீசல்.

அனார்குலுக்கு அந்தக் காது தொழிலில் வந்தது. பதினெட்டு வயதில் மாவட்டத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருஷம் தலையில் இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியை இன்னொரு கம்பியில் செருகினாள். மாவட்டத்தில் ஒருவர் 'அலோ' என்றால் போதும், யார், எந்தக் கிராமம், சாப்பிட்டாச்சா இல்லையா என்பது வரை தெரிந்துவிடும்.

மூகாஷும் அவளுக்கு முதலில் ஒரு குரலாகத்தான் அறிமுகம். மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் கோச்கோரில் இருக்கும் தன் அம்மாவுக்கு இணைப்புக் கேட்பான். அம்மாவுக்குக் காது மந்தம். அவன் சொல்வது எதுவும் விளங்காது. அனார்குல்தான் நடுவில் புகுந்து, அவன் சொன்னதை உரக்கத் திருப்பிச் சொல்வாள். "ரொட்டி கெடைக்குதாம்." "காலுறை பத்திரமா வந்து சேந்துச்சாம்." "இருமல் இல்லையாம்." ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்கு ஒரு பெண் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னான். அனார்குல் தொண்டை கிழியச் சொன்னாள். எந்தப் பெண் என்று அம்மா கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "இப்ப கத்திக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான்னு சொல்லுங்க" என்றான்.

அனார்குல் அதை மட்டும் கத்தவில்லை. ஆனால் அம்மா அன்றைக்குக் கேட்காமலே புரிந்துகொண்டாள்.

பிறகு தொலைபேசி நிலையத்தை மூடினார்கள். மகள் ஜிபார் பிறந்தாள். மூகாஷ் சுரங்க வேலையை விட்டு, கோச்கோரில் எட்டு லாரி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் சேர்ந்தான். சுரங்கத்துக்குப் போய்க் கரி ஏற்றி, கணவாய் ஏறி இறங்கி, கோச்கோர்க் களத்தில் கொட்ட வேண்டும். அனார்குல் கணவாயின் அடிவாரத்தில் கடை போட்டாள். நடைக்கு ஒருமுறையாவது அவன் முகத்தைப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு.

கணவாயிலிருந்து இறங்கும் பாதையில் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர்கள் அவற்றைக் கீழிருந்து எண்ணுவார்கள். கியரில் இறங்கும் லாரி வயிற்றுவலிக்காரன் போல முனகிக்கொண்டே வரும். மெதுவாகத்தான் வரும், ஆனால் ஓட்டுநரின் பிடியில் வரும். கியரை விடுவித்து நியூட்ரலில் விட்டால் முனகல் இருக்காது. தார் மேல் டயர் உரசுவது மட்டும் கேட்கும், நடுநடுவே பிரேக் மூச்சு விடும். முப்பது டன் கரி ஓசையில்லாமல் உருண்டு வரும், பிடித்து நிறுத்த அந்த பிரேக் மட்டும்தான். ஜிபார் பிறந்த அன்றே அனார்குல் மூகாஷிடம் வாக்கு வாங்கியிருந்தாள், எவ்வளவு அவசரமானாலும் இறக்கத்தில் கியரை எடுக்கக் கூடாதென்று. இருபது வருஷமாக அவன் லாரி மூன்றாவது வளைவில் முனகுவதைக் கேட்ட பிறகுதான் அவள் கையில் இருக்கும் கரண்டி தானாக நகரும்.

டீசல் பாட்டில்களுக்கு ஒரு கதை உண்டு. முதலாளி டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார். சக்கரம் உருண்டால்தான் கூலி. ஒரு நடைக்கு நூறு லிட்டர் டீசல் அளந்து ஊற்றுவார். குளிர்காலத்தில், வரிசையில் நிற்கும்போது இஞ்சினை ஓடவிட்டுக் கேபினைச் சூடாக்கிக்கொள்ள இன்னும் இருபது லிட்டர். மிச்சம் பிடிப்பது ஓட்டுநருக்கு, கூடுதலாகச் செலவானால் அவன் தலையில். கூலி மாதக் கடைசியில் வரும், அதிலும் பிடித்தம் போகத்தான் வரும். மிச்சம் பிடித்த டீசலோ இந்தக் கடைகளில் வைத்தால் அன்றைக்கே காசு. டிராக்டர்காரர்களும் வைக்கோல் வண்டிக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள். ஜிபார் தலைநகர் பிஷ்கெக்கில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய அறை வாடகை அந்த பாட்டில்களில்தான் போய்க்கொண்டிருந்தது. மாவு, சர்க்கரை, விறகு எல்லாம் அதில்தான். "அப்பா சிக்கனமா ஓட்டுவார்" என்று அனார்குல் மகளிடம் பெருமையாகச் சொல்வாள்.

அக்டோபர் நடுவில் சத்தாரின் பச்சை லாரி ஆறாவது வளைவில் கவிழ்ந்தது. நல்ல வேளையாகப் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் சாய்ந்தது. சத்தாருக்கு முப்பத்தொரு வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். இடுப்பெலும்பு முறிந்து கோச்கோர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். போக்குவரத்துப் போலீஸ் வந்து பிரேக் பழுது என்று எழுதிக்கொண்டு போனார்கள். சாலையில் கொட்டிய கரியை அக்கம்பக்கத்துச் சனங்கள் சாக்கில் அள்ளினார்கள். அனார்குலுக்கு மனம் வரவில்லை.

சத்தார் கடைசியாகக் கொடுத்திருந்த மூன்று பாட்டில்கள் விற்ற காசு அவளிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஒரு தூக்கில் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டு அவனைப் பார்க்கப் போனாள்.

"காசைக் குல்ஜமால்கிட்ட குடுத்துடுங்கக்கா" என்றான் சத்தார். குல்ஜமால் அவன் மனைவி. "எங்கிட்ட இருந்தா டாக்டரம்மா என்னைச் சீட்டாட்டத்துல தோக்கடிச்சுப் பிடுங்கிடுவாங்க."

படுத்துக்கிடந்தாலும் வாய் மட்டும் ஓயவில்லை. அனார்குல் சூப்பை ஊட்டிவிட்டாள். பிரேக் எப்படிப் போனது என்று கேட்டாள். அவன் கூரையைப் பார்த்தான். பிரேக் போவதற்கு முன்பே தூக்கம் வந்துவிட்டது என்றான். சுரங்கத்தில் அறுபது லாரி வரிசையில் நின்றன, கரி அள்ளிப் போட ஒரே ஒரு இயந்திரம். நான்கு நாள் காத்திருந்தான். கேபினில் குளிரில் சுருண்டு கிடந்ததில் ஒருநாளும் சரியாகத் தூங்கவில்லை. காத்திருப்புக்குக் காசு கிடையாது என்பதால் டன்னாவது கூடட்டும் என்று லாரியின் பக்கப் பலகைக்கு மேல் பலகை வைத்துக் கரியை ஏற்றிக்கொண்டான். இறங்கும்போது வளைவில் ஒரு கணம் கண் செருகியது. விழித்தபோது வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. கியருக்குள் திரும்பத் தள்ளப் பார்த்தான், கியர் பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை.

"கியருக்குள்ளயா? அப்ப நியூட்ரல்லயா வந்தே?"

"கியர்ல வந்தா எங்கக்கா பொழைக்கிறது? எல்லாரும் உச்சியிலேயே நியூட்ரல் போட்டுடுவோம். டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். அண்ணன்தான் இதுல கில்லாடி."

"எந்த அண்ணன்?"

"நம்ம மூகாஷண்ணன்தான். அவருதான எங்களுக்கு வழி சொன்னாரு. கடைசி மூணு வளைவுல மட்டும் கியரைப் போட்டுடுங்கடா, கீழ எங்க வீட்டு எக்ஸ்சேஞ்ச் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்துவிட்டது. சூப்பு அவன் தாடையில் வழிந்தது. அனார்குல் துடைத்துவிட்டாள். "சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கணவன் மேல் வந்த கோபத்தைவிட, தன் காது மேல் வந்த கோபம்தான் அவளைத் தின்றது. அடிவாரத்திலிருந்து மூன்று வளைவுத் தூரம்தான் கேட்கும். மீதி எட்டு வளைவுகள் மலையின் முதுகுப் பக்கம். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். கேட்காத இடத்தையும் கேட்டதாக நினைத்துக்கொண்டு இருபது வருஷம் டீ ஆற்றியிருக்கிறாள்.

மறுநாள் மதியம் மூன்றாவது வளைவில் மூகாஷின் லாரி முனகியது. இந்த முறை கரண்டி நகரவில்லை. அவன் இறங்கி வந்தான், இரண்டு பாட்டில்களைப் பலகையில் வைத்தான், கோப்பையைக் கையால் பொத்திக்கொண்டு டீ குடித்தான். சக்கரங்களிலிருந்து பிரேக் தீய்ந்த வாடை வந்தது. அந்த வாடை எப்போதும் வருவதுதான். சரக்கு லாரி என்றால் அப்படித்தான் நாறும் என்று இருந்துவிட்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சத்தியம் செய்வான். இன்னொரு சத்தியம் அவளுக்கு வேண்டாம்.

அவன் மறுபடி மலையேறி, வரிசையில் நின்று, சுமையோடு திரும்பும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கடையைத் துர்சுனாயிடம் ஒப்படைத்துவிட்டு, மேலே போகும் ஒரு வைக்கோல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"புருஷனை வேவு பாக்கப் போறியாக்கும்" என்று துர்சுனாய் வம்புக்கு இழுத்தாள். "பயப்படாதடி. அந்தக் கரிக்கட்டையை எவ கொத்திக்கிட்டுப் போகப் போறா?"

"கொத்திக்கிட்டுப் போகப் பாக்குறது பொம்பளை இல்லக்கா" என்றாள் அனார்குல்.

கணவாயின் உச்சியில் எல்லா லாரிகளும் ஒரு நிமிஷம் நிற்கும். ஓட்டுநர்கள் இறங்கிச் சக்கரங்களை உதைத்துப் பார்ப்பார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முகத்தில் தடவி வேண்டிக்கொள்வார்கள். பிறகு ஏறிக்கொள்வார்கள். காற்று கத்தியாக வீசியது. அனார்குல் ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து ஏழு லாரிகளை வழியனுப்பினாள். ஏழும் புறப்படும்போது உறுமின. முதல் திருப்பம் தாண்டியதும் அடங்கின. மலை அவற்றை விழுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

எட்டாவதாக மூகாஷ் வந்தான். அவளைப் பார்த்ததும் ஜிபாருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, இஞ்சினை நிறுத்தாமலே குதித்தான்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. உங்க கூட வரலாம்னு வந்தேன்" என்றாள்.

"இந்தக் குளிர்லயா, கெழவி?"

அவனுக்கு ஐம்பத்து மூன்று. கண்கள் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. அவளை ஏற்றிவிடக் கை கொடுத்தான். கை இரும்பாகக் குளிர்ந்திருந்தது. கேபினுக்குள் ஏறிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கண்ணாடியின் உட்புறம் ஓரத்தில் இன்னும் பனி பூத்திருந்தது. இருக்கைக்குப் பின்னால் இரண்டு கோட்டுகள், விறைத்துப்போன ஒரு கம்பளி. வரிசையில் கேபின் அடுப்பங்கரை மாதிரி கதகதப்பாக இருக்கும் என்றல்லவா அவன் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வரிசைல நிக்கறப்ப இஞ்சினை ஓட விடறதே இல்லையா?"

"காலைல கொஞ்ச நேரம் விடுவேன், உறைஞ்சு போகாம."

"அதுக்குன்னுதான இருபது லிட்டர் தர்றாங்க."

"எரிச்சுட்டா பாட்டில் எங்கேருந்து வரும்?"

அவள் அவனைக் கீழே இறங்கச் சொன்னாள். ஒரு குச்சியை எடுத்து டீசல் தொட்டிக்குள் விட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறச் சொன்னாள். எதற்கென்று புரியாவிட்டாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கீறினான். திரும்ப ஏறி உட்கார்ந்தார்கள்.

"ம், போங்க. எப்பவும் போற மாதிரியே போங்க."

அவன் அவளைப் பார்க்காமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தார் சொல்லிட்டானா?"

"நியூட்ரல் போடுங்க. நம்ம வீட்டு மாவு எந்த வழியா வருதுன்னு நானும் பாக்கறேன்."

அவன் கை கியர்க் கம்பியின் மேல் போனது. இருபது வருஷமாகப் பழகிய கை. அப்படியே அதன் மேல் இருந்தது. முதல் திருப்பம் எதிரே இருந்தது, அதற்கு அப்பால் ஆகாயம் மட்டும்தான். பிறகு கம்பியைத் தள்ளிக் கீழ்க் கியரில் போட்டான். லாரி முனக ஆரம்பித்தது.

பதினொரு வளைவுக்கும் கியர் மாறவில்லை. அவன் காலை ஆக்சிலரேட்டரில் வைக்கவும் இல்லை. அவ்வளவு மெதுவாக அந்த இறக்கத்தில் அவன் வந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ, சில பாறைகளைப் புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். மெல்ல மெல்லப் பேசினான். நியூட்ரலில் வந்தால் பன்னிரண்டு நிமிஷம், கியரில் முப்பத்தேழு. அந்த இருபத்தைந்து நிமிஷம் எதற்கு என்று அவள் கேட்டாள். கோச்கோரில் சீக்கிரம் இறக்கிவிட்டுத் திரும்பினால் வரிசையில் முன்னால் இடம் கிடைக்கும் என்றான். கொஞ்சம் பிந்தினால் பத்து லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டும், அப்படி நின்றால் ஒரு நாள் போய்விடும்.

"காசில்லாம நாலு நாள் நிக்கறீங்க" என்றாள். "அதை இருபத்தஞ்சு நிமிஷத்துல பிடிக்கப் பாக்கறீங்க."

அவன் ஸ்டியரிங்கை அடுத்த வளைவுக்குத் திருப்பினான்.

ஆறாவது வளைவில் தார் இன்னும் கறுப்பாக இருந்தது. சத்தாரின் கரி. மூகாஷ் ஒரு கையை எடுத்து முகத்தில் தடவிக்கொண்டான். இன்னொரு கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. வேண்டுதலுக்கு இரண்டு கையும் வேண்டும், ஆனால் இந்த இறக்கத்தில் ஒரு கைதான் கடவுளுக்குத் தர முடியும் என்று முன்பெல்லாம் வேடிக்கையாகச் சொல்வான். இன்றைக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில், கீழே நான்கு தகரக் கடைகளும் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. துர்சுனாயின் கடையில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"இங்கதான் கியரைப் போடுவேன்" என்றான். "உன்னை ஏமாத்தணும்னு இல்ல. நீ நிம்மதியா இருக்கணும்னு."

"நான் நிம்மதியாத்தான் இருந்தேன். நீங்க மேல தனியா செத்துப் பொழைச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவள் அழவில்லை. அவனுடைய குளிர்ந்த கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்ளத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் அது கியர்க் கம்பியின் மேல் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கீழே வந்து நின்றதும் முதல் வேலையாகக் குச்சியைத் தொட்டிக்குள் விட்டாள். கீறிய இடத்துக்கும் ஈரத்துக்கும் நகக்கண் அளவுகூட இடைவெளி இல்லை. மூகாஷ் நம்பாமல் தானே இரண்டு தடவை விட்டுப் பார்த்தான்.

"முப்பத்தேழு நிமிஷம் கத்துச்சே. குடிக்கவே இல்லையே?"

குச்சியைத் துடைத்துக் கீழே போட்டான். பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரம்தான் இஞ்சினைச் சுழற்றுகிறது, இஞ்சின் கத்துவது குடிப்பதால் இல்லை, இழுத்துப் பிடிப்பதால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முப்பது வருஷ ஓட்டுநர். கத்தினால் குடிக்கும் என்றே அவனும் நினைத்திருந்தான், அவனோடு ஓட்டியவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யாரும் குச்சி விட்டுப் பார்த்ததில்லை.

அப்படியானால் பாட்டில்கள் இறக்கத்திலிருந்து வந்தவை அல்ல. பனி பூத்த அந்தக் கேபினிலிருந்து வந்தவை. அவன் தூங்காத தூக்கத்தைத்தான் அவள் ஐந்து லிட்டர் ஐந்து லிட்டராக விற்றிருக்கிறாள். பலகையில் நின்ற இரண்டு பாட்டில்களையும் எடுத்துவந்து அவன் தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள்.

"இதை இனிமே வரிசைல எரிங்க. நான் விக்க மாட்டேன்."

அடிவாரத்தில் அன்றைக்கெல்லாம் இதே பேச்சு. துர்சுனாய் முதலில் கேலி செய்தாள், மகாராணி வீட்டில் மாவு மழையாகப் பொழிகிறது போலிருக்கிறது என்றாள். துர்சுனாயின் மருமகனும் இதே பாதையில்தான் ஓட்டினான். சாயங்காலம் அவனை நிறுத்தி அவன் கேபினுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து தன் பலகையில் இருந்த பாட்டில்களைக் கீழே இறக்கி வைத்தாள். மற்ற இரண்டு கடைகளும் அந்த வாரமே இறக்கின.

ஓட்டுநர்களுக்குக் கோபம். டீசலைக் கோச்கோரிலும் விற்கலாம்தான், ஆனால் பாதி விலைதான் கிடைக்கும், அதுவும் முதலாளியின் கண்ணுக்கு முன்னால். பொம்பளைகள் எல்லாம் சேர்ந்து வயிற்றில் அடிக்கிறீர்களே என்று ஒருவன் டீயைக் குடிக்காமலே கொட்டிவிட்டுப் போனான். அனார்குல் அவனோடு சண்டை போடவில்லை. வயிற்றில் அடித்தது யார் என்று அவன் நின்று யோசித்தால் போதும் என்று நினைத்தாள். ஆனால் அந்த மாதம் ஜிபாருக்கு வாடகைக் காசு பத்தாமல் போனது. ஜிபார் இரண்டு தோழிகளோடு ஓர் அறையில் நெருக்கிக்கொண்டாள். அனார்குலுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது என்று கடைசியில் ஓட்டுநர்களே முடிவு செய்தார்கள். ஏழு பேர் முதலாளியின் கரிக் களத்துக்குப் போனார்கள். எட்டாவது ஆளான சத்தாருக்குப் பதில் குல்ஜமால் போனாள். வரிசையில் நிற்கும் நாளுக்கும் கூலி வேண்டும் என்றார்கள். நீங்கள் வண்டியில் படுத்துத் தூங்குவதற்கு நான் காசு தர வேண்டுமா என்று முதலாளி சிரித்தார். மூகாஷ் பேச்சாளன் அல்ல. அவன் சொன்னது ஒரே வார்த்தைதான் என்று பிறகு குல்ஜமால் வந்து அடிவாரத்தில் சொன்னாள்.

"தூங்கினா தர வேண்டாம்ணே. தூங்க முடியல. அதுக்குத்தான் கேக்கறோம்."

ஏழு லாரிகளும் மூன்று நாள் களத்தை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் பனி விழுந்தது. கோச்கோர் முழுக்கக் கரி கேட்டு ஆட்கள் களத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வேறு ஓட்டுநர் கிடைப்பதாக இல்லை. காத்திருப்பின் இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு ஒரு தொகை தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். பெரிய தொகை இல்லை, ஆடு மேய்க்கப் போகிறவனுக்குத் தரும் அளவுதான். கூடவே குளிருக்கான இருபது லிட்டரைப் பதினைந்தாகக் குறைத்தார்.

"அஞ்சு லிட்டரைக் கொறச்சுப் பழிவாங்கிட்டான் பாவி" என்று மூகாஷ் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அனார்குல் அவனுக்கென்று தடித்த கம்பளிப் போர்வை ஒன்று தைத்து வைத்திருந்தாள். இரண்டு ஆள் உள்ளே போகலாம் போல இருக்கிறதே, இன்னொரு ஆள் யார் என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு எடுத்துப்போகச் சொன்னாள்.

எல்லாம் சரிதான். ஆனால் அனார்குலுக்குள் ஒன்று மட்டும் அடங்கவில்லை. மறுவாரம் மூன்றாவது வளைவில் லாரி முனகியபோது அவளுக்குத் தெரிந்தது, இந்த முனகல் இனிமேல் அவளுக்குப் போதாது. மேலே எட்டு வளைவுகள் இருக்கின்றன. அவனை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்புவதும் கேட்பதும் வேறு வேறு.

டீயைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குச் சத்தியமெல்லாம் வேண்டாம். உச்சில நிக்கறப்ப ஒரு போன் போடுங்க. போட்டுட்டு அப்படியே சீட்டுல வச்சுடுங்க. பேச வேண்டாம்."

"பேசாம போன் எதுக்கு?"

"நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் கோப்பையைப் பலகையில் வைத்தான். பிறகு, "எங்கம்மாவுக்குக் கேக்காதப்ப நீதான கேட்டே" என்றான்.

உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் நிற்பதால் இறக்கம் முழுக்கச் சிக்னல் கிடைக்கிறது. இப்போது நடைக்கு ஒருமுறை அவள் போன் அடிக்கிறது. எடுத்ததும் "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை, பிறகு போன் இருக்கையில் பொத்தென்று விழும் சத்தம். அதன் பிறகு யாரும் பேசுவதில்லை. அனார்குல் போனைக் காதோடு வைத்துத் தலைத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். இரண்டு கையும் வேலை செய்கின்றன, மாவு பிசைகின்றன, கோப்பை கழுவுகின்றன. காதுக்குள் லாரி முனகிக்கொண்டே இறங்குகிறது. பத்தாவது வளைவில் தகரப் பலகை அதிர்வது, எட்டாவதில் காற்று மாறுவது, ஆறாவதில் ஒரு கை முகத்தில் உரசும் சின்னச் சத்தம், எல்லாம் இப்போது அவளுக்குப் பாடம்.

வசந்தம் வந்தால்தான் சத்தார் மறுபடி ஓட்ட முடியும் என்கிறார்கள். ஊன்றுகோலோடு ஒருநாள் அடிவாரத்துக்கு வந்தவன் அவள் தலைக்கட்டைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்சேஞ்சைத் தொறந்துட்டீங்களாக்கா? எனக்கும் ஒரு லைன் வைங்க" என்றான்.

"மொதல்ல நடக்கக் கத்துக்கோ" என்றாள். கையை உயர்த்தி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். "இரு. லைன்ல இருக்காரு."

சத்தார் பேசாமல் உட்கார்ந்தான். பனியில் நனைந்த சாலை மலைக்குள் வளைந்து போயிற்று. அனார்குலின் ஒரு காதில் போன், மறு காது மலைப் பக்கம். முதலில் போனில் மட்டும்தான் முனகல் இருந்தது. பிறகு, மூன்றாவது வளைவில், வெளியே இருந்தும் அதே முனகல் வந்தது. உள்ளே கேட்டதும் வெளியே கேட்டதும் கொஞ்சம் முன்பின்னாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தன. அனார்குல் தலைத்துணியை அவிழ்த்தாள். கரண்டியை எடுத்துக் கோப்பையில் டீ ஊற்றினாள்.